அந்தப் படங்களை அழித்தது பவித்ரா இல்லை

சாமு, கண்ணு, உன் நைனாவின் ஆஸ்பத்திரிப் படங்களை அழித்தது பவித்ரா இல்லை. நான்தான். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சுகம் விசாரித்து ஆரம்பித்தால் உன் இருமல், பெங்களூர்க் குளிர், வீட்டு ஓனர் என்று எங்கெங்கோ போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே முடித்துவிடுவேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் அழுவேன், நீ "வுடும்மா, பரவால்ல" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். நீ அவ்வளவு சீக்கிரம் பரவாயில்லை என்று சொல்லக் கூடாது. மிஷன் ஸ்கூலில் ஐந்தாவது வரைக்கும் படித்தவளின் எழுத்து இது. கோணலாக இருந்தாலும் கடைசி வரைக்கும் படி.

திருப்பதியில் நைனாவைச் சேர்த்திருந்தபோது உனக்கு லீவு முடிந்துவிட்டது. பெரிய டாக்டர் காலையில் வந்து தெலுங்கில் பாதி, இங்கிலீஷில் பாதி சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். ஸ்கேன் பேப்பரை உனக்குப் படித்துச் சொல்ல எனக்கும் தெரியாது. அப்போது நீ பையிலிருந்து உன் பழைய போனை எடுத்து என் கையில் வைத்தாய். "அம்மா, இன்னா பேப்பர் குடுத்தாலும் இதுல போட்டோ எடு. எங்கியும் அனுப்ப வேணாம். எடுத்தா அது தானா மேல போயிடும். நான் பெங்களூர்ல பாத்துக்கிறேன்" என்றாய். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். "கிளவுட்மா" என்றாய். உன் நைனா மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டே, "ஏண்டா, நான் போறதுக்கு முன்னாடியே என் ஸ்கேன மேல அனுப்பிக்கினு கீறியா?" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். நீயும் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். ஏன் திரும்பினாய் என்று எனக்குத் தெரியும்.

அந்த போனில் இருந்தது உன் அக்கவுண்ட். ஊரிலிருக்கிற கம்பெனிகளின் விவரமெல்லாம் வைத்திருக்கிற இடத்தில், எவன் உள்ளே வருகிறான், எவன் வெளியே போகிறான் என்று காவல் காக்கிற வேலை உனக்கு. உன் சொந்தக் கதவை நீ திறந்து என் கையில் கொடுத்தது நைனாவுக்காக. அவர் போன பிறகு அதை மூட வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்காக உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு.

நைனாவை நம் சபைக் கல்லறையில் வைத்துவிட்டு, நீயும் பெங்களூருக்கு பஸ் ஏறின பிறகு அந்த போன் அலமாரியில் கிடந்தது. என் பட்டன் போன் கெட்டுப் போனதால்தான் அதை எடுத்து சார்ஜ் போட்டேன். திறந்தால் ஒரு படம். தட்டில் எலுமிச்சைச் சாதம், பக்கத்தில் கருகிப்போன அப்பளம். யார் அனுப்பியது என்று தேடினேன். யாரும் அனுப்பவில்லை. மறுநாள் ஒரு ஜன்னல், வெளியே மழை. அப்புறம் புது ஷூ. அப்புறம் கண்ணாடி முன்னால் நின்று நீயே எடுத்துக்கொண்ட படம், தாடி வளர்ந்து, உன் நைனாவின் மூக்கோடு. நான் எடுத்தால் உன்னிடம் போகிறது என்றால், நீ எடுப்பது என்னிடம் வரத்தானே செய்யும். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உன்னிடம் சொல்ல வேண்டும் என்றும் புரிந்தது. நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மாம்பழ ஃபேக்டரியில் ஸீசன் நேரம், கொட்டை எடுத்து எடுத்துக் கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். நான் கையை நன்றாகக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டு போனைத்தான் திறப்பேன். இன்றைக்கு என் பிள்ளை என்ன பார்த்தான் என்று பார்ப்பேன். அப்புறம்தான் சோறு இறங்கும். வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லாதவளுக்கு அது ஒரு பேச்சு மாதிரி இருந்தது கண்ணு. நீ வாரத்துக்கு ஒரு தரம் போனில் "நல்லா கீறேம்மா" என்பாய். அதில் எனக்கு என்ன தெரியும்? படத்தில்தான் நீ இளைத்தது தெரிந்தது.

ஒரு தரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், உனக்கு நினைவிருக்கும். "இன்னா சாமு, தெனிக்கும் நூடுல்சே துன்னுகினு கீறியா?"

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"யம்மா, உனுக்குத் தீர்க்கதரிசன வரம் வந்துட்ச்சி. பாஸ்டர் ஐயாகிட்ட சொல்லி சாட்சி குடு" என்று கிண்டல் பண்ணினாய். நானும் சிரித்துவிட்டு இல்லை என்று சொல்லாமல் விட்டேன். பவித்ராவையும் அப்படித்தான் எனக்கு முன்பே தெரியும். நீ வீட்டுக்கு வந்து, தண்ணீர் செம்பை வைத்துக்கொண்டு குடிக்காமல், "நகரிப் பொண்ணும்மா, தறிக்காரங்க, நம்ம சபை இல்ல" என்று இழுத்தபோது நான் உடனே சரி என்றேன். நீ ஆச்சரியப்பட்டுப் போனாய். எங்க அம்மா மாதிரி உண்டா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாய். அந்தப் பெருமையை நான் நேர்மையாகச் சம்பாதிக்கவில்லை. மாதக்கணக்கில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்கெனவே பிடித்துப் போயிருந்தது.

நைனா இருந்திருந்தால் என் கையிலிருந்து அந்த போனைப் பிடுங்கியிருப்பார். அவர் வேன் ஓட்டின காலத்தில் சித்தூரிலிருந்து அலிபிரி வரைக்கும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போவார். பின்னால் "கோவிந்தா" என்று சத்தம் போட்டால் இவர் ஹாரன் அடிப்பார். மலைக்குப் போகிறவர்கள் வேண்டுதல், கோர்ட்டு, பிள்ளை இல்லாத துக்கம் எல்லாவற்றையும் வண்டியிலேயே பேசுவார்கள். ஒரு நாள் நமக்குத் தெரிந்த வீட்டுக்காரர்கள் அந்த வேனில் போனதாகவும் அந்த வீட்டுப் பெண் வழியெல்லாம் அழுததாகவும் காதில் விழுந்தது. நான் விடவில்லை. "இன்னாவாம் அவங்களுக்கு?" என்று கேட்டேன். "யாராவது அழுதா உள் கண்ணாடிய மேல தூக்கி வுட்டுடுவேன். எனுக்கு ஒன்னும் தெரியாது" என்றார். "காதையுமா தூக்கி வுட்ட?" என்றேன். "காது கேட்டுச்சி. உங்கிட்ட சொல்றதுக்கும் சேத்து அவங்க டிக்கெட் வாங்கல" என்றார். கோபத்தில் அன்றைக்கு நான் குழம்பில் உப்பே போடவில்லை. அவர் அதையும் யாரிடமும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இப்போது அந்தப் படங்களின் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷ நினைவு ஜெபத்துக்கு வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் வைக்க வேண்டுமே. நைனா நன்றாக இருந்தபோது எடுத்த படம் ஏதாவது இருக்கும் என்று போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனை வாங்கி கம்ப்யூட்டரில் வயரைச் சொருகினார். "அன்னீ காப்பி சேசுகுண்டானக்கா, அப்பறம் நல்லதாப் பாத்து எடுத்துக்கலாம்" என்றார். எல்லாவற்றையும் காப்பி பண்ணிக்கொள்கிறேன் என்கிறார். எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அப்புறம் போனைக் கையில் வைத்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். நைனாவின் முகம், குழாயோடு, வாய் திறந்தபடி. ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஒரு அம்மா "அய்யோ பாவம்" என்றாள். அவர் அதையும் தள்ளினார். அடுத்தது பவித்ரா. வாய் நிறைய சோறு வைத்துக்கொண்டு கண்ணை மூடிச் சிரிக்கிற படம், உனக்காக மட்டும் எடுத்தது. "ஏமக்கா, கோடலா?" என்று மருமகளா என்று கேட்டு, நிதானமாகப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கிக்கொண்டேன். ரேஷன் கார்டில் இருந்த பழைய படத்தை வைத்து அடித்துக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் முழுக்க அந்த போன் என்னைச் சும்மா விடவில்லை. நான் தேடாமலே, போன வருஷம் இதே நாள் என்று சொல்லி நைனாவின் குழாய் முகத்தை அதுவே எடுத்துக் காட்டும். பின்னால் ஒரு சங்கீதம் வேறு போடும், கல்யாண வீடியோவில் போடுவது மாதிரி. நான் அவரோடு இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணினேன். அந்த முகத்தோடு இருந்தது கொஞ்ச நாள்தான். ஆனால் கண்ணை மூடினால் அந்த முகம் மட்டும் வந்து நின்றது, வேன் ஓட்டின முகம் வரவே இல்லை. ஜெபக்கூட்டம் முடிந்து, பாயெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ஆஸ்பத்திரிப் படம் ஒன்றைக்கூட விடவில்லை. குப்பையில் கிடக்கிறது, அதையும் அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். ஒவ்வொரு தரம் அழுத்தும்போதும் அவர் மூக்கிலிருந்து குழாயை எடுப்பது மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் போனில் அழித்தால் உன்னிடத்திலும் போய்விடும் என்று எனக்குத் தெரியாது. உன் படம் என்னிடம் வருகிறது என்று கண்டுபிடித்த எனக்கு இது மட்டும் தோன்றவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் பவித்ரா வாசலில் நிற்கிறாள். நகரியிலிருந்து பஸ் பிடித்து ஒருத்தியாக வந்திருக்கிறாள். முகம் வீங்கியிருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அத்தை, நான் அழிக்கல. நீங்களாவது நம்புங்க."

"இன்னாத்தம்மா அழிக்கல?"

"மாமா ஆஸ்பத்திரி போட்டோ எல்லாம் போயிட்ச்சாம். கல்யாணப் பத்திரிகைக்கு போட்டோ எடுக்கணும்னு அவர்தான் எங்கிட்ட பாஸ்வேர்டு குடுத்தாரு. தெனிக்கும் அதையே பாத்துகினு சாப்புடாம கீறாரேன்னு நான் ஒரு நாள், அதெல்லாம் கண்ணுல படாத மாதிரி எங்கியாச்சும் எடுத்து வெய்யிங்கன்னு சொன்னேன். அவ்ளோதான் அத்தை. இப்ப, 'நீதான் அழிச்ச, உனுக்கு எங்க நைனா யாரோதான'ன்றாரு."

நீ சொன்னது அவளுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று உனக்குத் தெரியவில்லை சாமு. பத்திரிகை அடிக்கக் கொடுத்ததை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். "எங்கப்பா மாசக்கணக்கா யோசிச்சு சரின்னாரு. இப்ப நானே வேணாம்னு எப்டி சொல்றது? வேணும்னும் எப்டி சொல்றது? செத்துப்போன மனுசன அழிக்கறவன்னு என்ன நெனச்சிகினு ஒருத்தரு பக்கத்துல எப்டி இருக்கறது?" என்றாள்.

நான் எழுந்துபோய் போனை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன். "நான்தாம்மா அழிச்சேன்" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. திறந்து பார்த்தாள். "அத்தை, இதுல அவரு அக்கவுண்டே கீது!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். "கம்பெனி கம்பெனியாத் திருடன் புடிக்கிறாரு, இங்க பாருங்க." நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அவள் விரலால் கொஞ்சம் தள்ளிப் பார்த்தாள். அவள் படங்கள் வந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

"இதெல்லாமும் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். தாவணியை இழுத்துச் சரிபண்ணிக்கொண்டாள், நான் ஏதோ இப்போதுதான் உள்ளே நுழைந்தவள் மாதிரி. அந்தச் சின்னச் செயல் என்னை என்னவோ செய்துவிட்டது. உன்னைப் பார்த்ததற்கு நீ என் பிள்ளை என்று சமாதானம் வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததற்கு என்னிடம் ஒரு சமாதானமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அத்தை, நான்தான் அழிச்சேன்னே இருக்கட்டும். தெரியாமக் கை பட்டுட்ச்சின்னு சொல்லிக்கிறேன். அவருக்கு அம்மா மேல மனசு கசக்கக் கூடாது" என்றாள். எந்த வாயால் உன்னைத் திட்டினாளோ அதே வாயால் இதைச் சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. செய்யாததைத் தலையில் சுமந்துகொண்டா ஒரு பெண் இந்த வீட்டுக்கு வர வேண்டும்?

அப்போதுதான் அந்த ஃபிளெக்ஸ் கடை எனக்கு ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிப் படமெல்லாம் இந்த போனிலேயே எடுத்தது, அவர்தான் எல்லாவற்றையும் காப்பி பண்ணினாரே. இரண்டு பேரும் ஓடினோம். அவர், "அதெல்லாம் எப்பவோ டிலீட் பண்ணிட்டேன்கா" என்றார். பவித்ரா, "அண்ணா, கொஞ்சம் நவுருங்க" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கம்ப்யூட்டரில் சித்தூரே இருந்தது சாமு. யார் யாருடைய ஆதார் கார்டோ, பாஸ்புக்கோ, வயசுக்கு வந்த பெண்களின் சடங்குப் படமோ. அதற்கு நடுவில் உன் நைனா. பவித்ரா அவற்றை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து, அதன் குப்பையிலும் அழித்தாள்.

கடைக்காரருக்குக் கோபம். "நான் பத்திரமா வெச்சிருந்ததாலதான கெடச்சுது?" என்றார்.

"பத்திரமா வெச்சிகினதுக்கு தேங்க்ஸ்ணா. கேக்காம வெச்சிகினதுக்கு இன்னா சொல்றதுன்னு தெர்ல" என்றாள். மற்ற ஜனங்களுடையதையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். சரி சரி என்று தலையாட்டினார். எடுப்பாரோ என்னவோ.  அவரை நான் எந்த முகத்தோடு திட்டுவேன்? ஒரு வருஷமாக நான் செய்ததும் அதுதானே. அவருக்கு அது தொழில், எனக்கு அது பாசம். பார்க்கப்பட்ட பெண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த பென்டிரைவ் இந்தக் கவருக்குள் ஒரு காகிதத்தில் சுற்றி இருக்கிறது. நீ அவர் நெற்றியில் கை வைத்திருக்கிற படம், நீ கிளம்பின அன்றைக்கு நான் எடுத்தது, அதில் இருக்கிறது என்று பவித்ரா சொன்னாள். நான் பார்க்கவில்லை. உனக்கு அந்த முகம் வேண்டும். நீ தூரத்தில் இருந்தவன், அந்தக் கடைசி நாட்களை நீ படத்தில்தான் பார்த்தாய், அதை விட்டால் உனக்கு வேறு இல்லை. எனக்கு அந்த முகம் வேண்டாம், நான் பக்கத்திலேயே இருந்தவள். இரண்டும் நியாயம்தான் கண்ணு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதால்தான் என் துக்கம் உன் துக்கத்தை அழித்துவிட்டது. நீ பத்திரமாக வை, ஒன்றுக்கு இரண்டு இடத்தில் வை. என் கண்ணில் படாத இடத்தில் வை.

உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல நைனா இல்லை. நான் சொல்கிறேன். பாஸ்வேர்டு கொடுப்பதை அன்பு என்று நினைக்காதே. அவளிடம் கொடுத்தாய், ஒன்று காணாமல் போனதும் அவளையே முதலில் சந்தேகப்பட்டாய். சாவி கையில் இருக்கிறவள் மேல்தான் பழி வரும் என்றால் அந்தச் சாவி அவளுக்கு எதற்கு? அவள் போனை நீ கேட்காதே. அவள் தானாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடு. அவளே காட்டும்போது பார், நன்றாக உட்கார்ந்து பார், அவசரப்படாமல் பார். குடித்தனத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த வாரக் கடைசியில் என்னைப் பார்க்க வராதே. நேரே நகரிக்குப் போ. போனில் ஸாரி அனுப்பி முடித்துவிடாதே. அவள் அப்பா முன்னாலேயே, "நான் தப்பா நெனச்சிட்டேன், அழிச்சது எங்கம்மா" என்று என் பேரைச் சொல்லியே சொல். எனக்கு அதில் ஒரு அவமானமும் இல்லை. அவள் பேசாமல் இருந்தால் பேசுகிற வரைக்கும் அங்கேயே இரு. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கும்.

அது முடிந்ததும் எனக்கு போன் பண்ணு. உன் அக்கவுண்டை இந்த போனிலிருந்து எப்படி எடுப்பது என்று பவித்ரா அன்றைக்கே காட்ட வந்தாள், நான்தான் வேண்டாம் என்றேன். நீ அங்கிருந்தே எடுத்துவிடலாமாம், அப்படியும் செய்யாதே. எதை அழுத்த வேண்டும் என்று நீ சொல்லு, நான் என் கையாலேயே அழுத்துகிறேன். இந்தக் கடிதம் எழுத ஆரம்பித்ததிலிருந்து நான் புதுப் படம் ஒன்றும் திறந்து பார்க்கவில்லை. பழக்கம் சும்மா விடவில்லை, சாப்பாட்டு மணிக்குக் கை அதைத் தேடுகிறது. பரவாயில்லை, அது அடங்கும்.

எல்லாம் எடுத்து முடிந்த பிறகு, உங்கள் இரண்டு பேருக்கும் மனசு வந்தால், எனக்கென்று ஒரே ஒரு படம் அனுப்புங்கள். சாப்பாடோ, மழையோ, எதுவாக இருந்தாலும் சரி. அம்மாவுக்கு இதைக் காட்டலாம் என்று நீங்களே பேசி எடுத்த படமாக இருக்கட்டும்.

உன் அம்மா